இரண்டு வயதுக் குழந்தையோடு டிஸ்னி வேர்ல்ட்: மதியத் தூக்கத்திலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இது வழக்கமான கதை. கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள், குழந்தைக்கு மூன்று வயது நிறையப் போகும், "அதுக்குள்ள ஒரு தடவை ஆர்லாண்டோ போயிட்டு வந்துரலாம், குழந்தைக்கு டிக்கெட் மிச்சம்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அன்று ராத்திரியே டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஆர்லாண்டோவுக்கு ஃப்ளைட் புக் ஆகிவிடும். தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

நாங்கள் மூன்று தடவை போய் வந்துவிட்டோம். நண்பர்கள் சிலருக்குத் திட்டம் போட்டுக் கொடுத்துக் கூடவும் போயிருக்கிறேன். புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: பார்க்குக்கு ஏற்ப நாளைத் திட்டமிட்டுவிட்டு, குழந்தையை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். கீழே இருப்பதை இதே வரிசையில் செய்யுங்கள், ஏனென்றால் ஒன்றின் விடை தெரியாமல் அடுத்ததை முடிவு பண்ண முடியாது. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. குழந்தையின் ஒரு நாளை எழுதிக்கொள்ளுங்கள்

எதையும் புக் பண்ணும் முன் ஒரு வாரம் குறிப்பு எடுங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறது, எத்தனை மணிக்குப் பசிக்கிறது, மதியம் எப்போது தூங்குகிறது, எவ்வளவு நேரம், ராத்திரி எப்போது படுக்கிறது. உங்கள் நினைவிலிருந்து எழுதாதீர்கள், பகலில் குழந்தையோடு இருப்பவரிடம் கேளுங்கள். டேகேரில் 12 மணிக்குப் படுக்கிற குழந்தை சனி, ஞாயிறுகளில் 1:30 வரை ஆட்டம் போடும். எந்தப் பழக்கம் பலமானது என்று தெரிய வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள்: ஸ்ட்ரோலரில் தூங்குமா, படுக்கை இருந்தால்தான் தூங்குமா? தங்கும் இடத்தையும் பார்க்கிலிருந்து கிளம்பும் நேரத்தையும் முடிவு பண்ணப்போவது இந்த ஒரு விடைதான். ஸ்ட்ரோலரில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் தூங்கும் குழந்தை கிடைத்திருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர், இந்த வழிகாட்டியில் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. 3 முதல் 9 வரை குழந்தை விலை, 10 ஆனால் பெரியவர் விலை. விமானத்தில் இலவசமாக மடியில் வைத்துக்கொள்வது இரண்டு வயது நிறையும் வரைதான். இந்த இரண்டு எல்லையையும் குழப்பிக்கொண்டு, இரண்டே கால் வயதுக் குழந்தைக்கு சீட் போடாமல் ஏர்போர்ட் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் மிச்சம் பிடிப்பதற்காக ஜூலையில் போகாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆர்லாண்டோவில் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து அடிக்கும், மதியத்துக்கு மேல் பல நாள் இடி மழை. புயல் பருவம் என்று கணக்கில் வைத்திருப்பது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. பள்ளி விடுமுறை இல்லாத ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம், செப்டம்பர் போன்ற வாரங்களில் கூட்டம் குறைவு. அதில் வெயிலும் வேண்டாம் என்றால் குளிர்காலம்தான். காலையில் ஸ்வெட்டர் கேட்கும், மதியம் கழற்றிவிடலாம்.

ஊரிலிருந்து வரும் பெரியவர்களையும் கூட்டிப்போவதானால், அவர்கள் வந்து இறங்கி இரண்டு வாரமாவது ஆகட்டும். பகல் எது ராத்திரி எது என்று தெரியாத பாட்டியும் தூக்கம் கெட்ட பேரனும் ஒரே அறையில் இருந்தால் யாரும் தூங்க முடியாது.

3. தங்கும் இடம்: ரூமுக்குத் திரும்ப எவ்வளவு நேரம்?

ஹோட்டலின் விலையைப் பார்க்கும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பார்க் வாசலிலிருந்து எத்தனை மைல் என்பது கணக்கில்லை. கடைசி ரைடிலிருந்து கட்டில் வரை எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு.

வெளியில், கிஸிம்மி பக்கம், சமையலறையோடு வீடு வாடகைக்குக் கிடைக்கும். சாதம் வடிக்கலாம், ரசம் வைக்கலாம், தாத்தா பாட்டிக்குத் தனி அறை. நம்மவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் காரில் மேஜிக் கிங்டம் என்ற பார்க்குக்குப் போவதென்றால், பார்க்கிங்கில் கார் விட்டு, டிராமில் ஏறி, அப்புறம் மோனோரயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்கே போக முடியும். திரும்பும்போதும் அதே. அதோடு சாலையில் போகும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் ஓடிவிடும். கார் சீட்டில் 20 நிமிடம் தூங்கிவிட்டு வீட்டு வாசலில் விழித்துக்கொள்ளும் குழந்தை அதற்கப்புறம் தூங்காது. அன்றைய மாலை அத்தோடு போச்சு.

டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்கினால் பஸ் நேராக பார்க் வாசலுக்கே விடும், பார்க்கிங் கட்டணமும் இல்லை. பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் இரண்டும் விலை குறைந்த வகை. அங்கிருந்து எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்ற இரண்டு பார்க்குகளுக்கு ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் போகிறது. அதில் ஸ்ட்ரோலரை மடக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். பஸ்ஸில் மடக்கியாக வேண்டும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கையால் ஸ்ட்ரோலரை மடக்கிப் பாருங்கள், இது ஏன் பெரிய விஷயம் என்று புரியும்.

என் கணக்கு: படுக்கையில்தான் தூங்கும் குழந்தை என்றால் டிஸ்னி விடுதி, மூன்று ராத்திரி போதும். ஸ்ட்ரோலரில் தூங்கும் என்றால் வெளியில் வீடு.

4. டிக்கெட்டும் ஆப்பும்

நாலு பார்க் இருக்கிறது என்பதற்காக நாலும் பார்க்க வேண்டியதில்லை. இந்த வயதுக்கு மேஜிக் கிங்டம் கட்டாயம், அதற்கு ஒரு முழு நாளைவிட இரண்டு அரை நாள் நல்லது. அடுத்தது அனிமல் கிங்டம், திறந்த வண்டியில் கிலிமஞ்சாரோ சஃபாரிக்காக. ஒட்டகச்சிவிங்கிக்கு விளக்கம் தேவையில்லை. எப்காட்டில் மீன் தொட்டிகளும் நீமோவும் இருக்கும் பகுதி பரவாயில்லை. ஹாலிவுட் ஸ்டுடியோஸை விட்டுவிடுங்கள், ஐந்து வயதுக்கு மேல் பார்க்கலாம்.

பெரியவர்கள் எல்லோரின் டிக்கெட்டும் மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் ஆப்பில் ஒரே கணக்கில் இருக்கட்டும். தாத்தாவின் டிக்கெட் ஒரு ஃபோனிலும் உங்களுடையது இன்னொன்றிலும் இருந்தால் வாசலிலேயே நேரம் போகும்.

லைட்னிங் லேன் என்பது காசு கொடுத்து வரிசையைக் குறைக்கும் முறை. டிஸ்னி விடுதியில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும் மற்றவர்கள் 3 நாள் முன்பும் காலை 7 மணிக்கு எடுக்கலாம். கூட்டம் குறைந்த வாரத்தில் இது வேண்டாம், காலையில் சீக்கிரம் போனாலே போதும். விடுமுறை வாரமானால் மேஜிக் கிங்டம் நாளுக்கு மட்டும் எடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாங்க வேண்டியதில்லை, உங்களோடு வரும்.

மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்கு முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும். ஒரு நாளுக்கு ஒன்றுக்கு மேல் போடாதீர்கள்.

5. வீட்டிலேயே ஒத்திகை

செருப்போடு குழந்தையின் உயரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். சில ரைடுகளில் ஏறக் குறைந்தபட்ச உயரம் உண்டு: பார்ன்ஸ்டார்மருக்கு 35 அங்குலம், செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 38, ஸ்பேஸ் மவுன்டனுக்கு 44. அங்கே அளவுகோல் வைத்து அளப்பார்கள், கெஞ்சினால் நடக்காது. உயர வரம்பு இல்லை என்றால் பயமும் இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஹான்டட் மேன்ஷனுக்கு வரம்பே கிடையாது, ஆனால் உள்ளே இருட்டும் பேயும்தான். முன்கூட்டியே அந்தந்த ரைடின் வீடியோவைக் குழந்தையோடு சேர்ந்து பாருங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஸ்ட்ரோலர் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும். இழுத்துக்கொண்டு போகும் வேகன் வகைக்கு அனுமதி இல்லை. மூன்று வயதுக் குழந்தை "நான் நடப்பேன்" என்று சொன்னாலும் ஸ்ட்ரோலர் எடுங்கள். முதல் ஒரு மணி நேரம்தான் நடக்கும்.

டயப்பரை விட வைக்கும் பழக்கத்தைப் பயணத்துக்கு முந்தைய வாரம் ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே பழகிய குழந்தையாக இருந்தால் கைப்பையில் ஒரு கட்டு ஸ்டிக்கி நோட் வையுங்கள். பொதுக் கழிவறையில் சென்சார் வைத்த ஃப்ளஷ், குழந்தை உட்கார்ந்திருக்கும்போதே சீறிக்கொண்டு வரும். ஒரு தடவை அப்படி நடந்தால் நாலு நாளைக்கு அந்தப் பக்கமே வராது. ஒரு சீட்டைக் கிழித்து சென்சார் கண்ணை மூடிவிட்டு உட்கார வைத்தால் தீர்ந்தது.

6. பயண நாளைப் பார்க் நாளாக்காதீர்கள்

"பத்து மணிக்கு லேண்டிங், பன்னிரண்டுக்கு உள்ளே போயிடலாம்" என்று சொல்லும் ஆள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் உண்டு, எங்கள் வீட்டில் அது என் கணவர். வேண்டாம். அன்றைக்கு ரூம், நீச்சல் குளம், சீக்கிரம் தூக்கம். டிக்கெட்டில் ஒரு நாளும் மிச்சம்.

பாலும் குழந்தை உணவும் 100 மில்லி வரம்புக்குள் வராது, பாதுகாப்புச் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் விடுவார்கள். மடியில் உட்கார்ந்து வரும் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் நகல் இருக்கட்டும், வயதைக் கேட்பார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களின் பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள், உள்நாட்டு விமானம்தானே என்று வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சிப்பரில் ஏதாவது குடிக்கக் கொடுங்கள், காது அடைக்காது.

கார் சீட் உங்களுடையதையே கொண்டுபோங்கள். ஃப்ளோரிடா சட்டப்படி மூன்று வயது வரை குழந்தைக்கென உள்ள சீட்டில்தான் வைக்க வேண்டும்.

7. மேஜிக் கிங்டம், முதல் காலை

இதைத்தான் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள், அதனால் நேர வாரியாகவே சொல்கிறேன். குழந்தை 12:30க்குத் தூங்கும், பார்க் 9 மணிக்குத் திறக்கும் என்று வைத்துக்கொள்வோம்.

8:00க்கு வாசலில் இருங்கள். டிஸ்னி விடுதியில் தங்குபவர்களை 30 நிமிடம் முன்னதாக உள்ளே விடுவார்கள். அந்த அரை மணியில் ஃபேன்டஸிலேண்ட், டுமாரோலேண்ட் என்ற இரண்டு பகுதிகள் மட்டும்தான் திறந்திருக்கும், நமக்கு வேண்டியதும் ஃபேன்டஸிலேண்ட்தான். கோட்டைக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்காதீர்கள். கோட்டை எங்கும் போகாது, வரிசைதான் நீளும்.

முதலில் பீட்டர் பேன். ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரையே ஏற்றும் ரைடு என்பதால் மணி ஆக ஆக இங்கே வரிசை மோசமாகும். கூட்டம் பெரும்பாலும் மைன் டிரெயின் பக்கம் ஓடும், ஓடட்டும். அப்புறம் வின்னி த பூ. அதற்குப் பிறகு நடந்து போய் டம்போ, பறக்கும் யானை. லீவரைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள், ஏறுவதும் இறங்குவதும் அதன் ராஜ்ஜியம்.

10:15 வாக்கில் நிறுத்துங்கள். பசி வருவதற்கு முன்பே சாப்பிட வைக்க வேண்டும், பசித்து அழ ஆரம்பித்த பிறகு ஊட்ட முடியாது. பிறகு இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகு, குதிரை ராட்டினம். மிச்ச நேரம் இருந்தால் டுமாரோலேண்டில் பீப்பிள்மூவர், மெதுவாக மேலே சுற்றிவரும், காற்று வரும், கத்தல் கிடையாது.

11:30க்குக் கிளம்புங்கள். இந்த இடத்தில்தான் வீட்டுக்குள் சண்டை வரும். எங்கள் முதல் பயணத்தில் என் மாமியார், "இவ்ளோ பணம் கட்டி வந்துட்டு ரூமுல போய்ப் படுக்கணுமா?" என்றார். நியாயமான கேள்விதான், நானும் தலையாட்டிவிட்டேன். இரண்டு மணிக்கு ஊர்வலம் பார்க்க வெயிலில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தபோது பையன் தரையில் புரண்டு அழுததும், ஒரு மணி நேரம் கழித்தும் நிற்காததும், மூன்று பெரியவர்கள் மாறி மாறித் தூக்கியதும் இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த நாள் 11:30க்கு "கிளம்பலாமா, அத்தை?" என்று நான் கேட்கும் முன்பே அவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

மதியம் தூங்கி எழுந்து 4 மணிக்கு மேல் திரும்பலாம், அதே டிக்கெட்தான். கோடையில் இதில் இன்னொரு லாபம், இடி மழை பெரும்பாலும் நீங்கள் ரூமில் இருக்கும்போதே பெய்து ஓய்ந்துவிடும்.

வாணவேடிக்கையைக் கோட்டைக்கு அடியில் நின்று பார்க்க வேண்டாம். சத்தம் நெஞ்சில் இடிக்கும், முடிந்ததும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே வழியில் வெளியேறுவார்கள், ஸ்ட்ரோலர் நகராது. முன்கூட்டியே வெளியே வந்து ஏரிக்கு எதிர்க்கரையில், படகுத்துறைப் பக்கம் நின்று பாருங்கள். வெளிச்சம் தெரியும், சத்தம் பாதிதான்.

8. ஸ்ட்ரோலர் காணாமல் போகவில்லை

ரைடு வரிசைக்குள் ஸ்ட்ரோலரைக் கொண்டுபோக முடியாது, வெளியே அதற்கென்று உள்ள இடத்தில் விட வேண்டும். திரும்பி வந்தால் விட்ட இடத்தில் இருக்காது! ஊழியர்கள் வரிசைப்படுத்தி நகர்த்தி வைத்திருப்பார்கள். நூறு கறுப்பு ஸ்ட்ரோலரில் உங்களுடையதைக் கண்டுபிடிக்கக் கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணி கட்டுங்கள், நாங்கள் பழைய சுங்குடிச் சேலையின் ஒரு துண்டைக் கட்டியிருந்தோம். பர்ஸ், பாஸ்போர்ட், ஃபோன் மட்டும் எப்போதும் உடம்போடு இருக்கட்டும்.

வெயில் படக்கூடாது என்று ஸ்ட்ரோலரைத் துப்பட்டாவால் முழுக்க மூடும் பழக்கம் நம்மிடம் உண்டு. செய்யாதீர்கள். காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறிவிடும். கிளிப் போட்டு மாட்டும் சின்ன மின்விசிறியும் ஸ்ட்ரோலரின் சொந்தக் கூரையும் போதும்.

9. பெரியவர்களுக்கும் ஒரு ரைடு

குழந்தையின் உயரம் போதாத ரைடில் நீங்களும் ஏற முடியாது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ரைடர் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். எல்லோரும் சேர்ந்து ரைடு வாசலில் உள்ள ஊழியரிடம் போய்க் கேட்க வேண்டும். முதல் அணி வரிசையில் நின்று போய்வரும், இரண்டாம் அணி குழந்தையோடு வெளியே இருக்கும். பிறகு இரண்டாம் அணிக்கு நீண்ட வரிசை கிடையாது. குழந்தையை விட்டுவிட்டு ஒருவர் மட்டும் போய்க் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், அதுதான் பலரும் செய்யும் தவறு.

பாட்டி தாத்தாவிடம் குழந்தையை விட்டுவிட்டு நீங்கள் இருவரும் ஒன்றாகப் போவதென்றால் ஸ்விட்ச் தேவையே இல்லை. ஆனால் அவர்கள் உட்காரும் இடம் நிழலும் ஏசியும் உள்ளதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். புது ஷூ வாங்கிக் கொடுத்து அழைத்து வராதீர்கள், பழகிய செருப்பே மேல். முட்டி வலி உள்ளவர்களுக்கு வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்கு உண்டு, கூச்சப்படுவார்கள், காலையிலேயே எடுத்துவிடுங்கள்.

10. சாப்பாடு

வெளி உணவை உள்ளே விடுகிறார்கள். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது, குழந்தை உணவு பாட்டிலுக்கு அதிலும் விலக்கு. உதிரி ஐஸ் கட்டிக்கு அனுமதி இல்லை, உறைய வைக்கும் ஐஸ் பேக் எடுத்துப் போங்கள்.

மிளகாய்ப் பொடி தடவிய இட்லி மதியம் வரை தாங்கும், குழந்தைக்கு நெய் தடவியது தனியாக. தயிர் சாதத்தைத் தயிர் போட்டுப் பிசையாதீர்கள், ஃப்ளோரிடா வெயிலில் பத்து மணிக்கே புளிக்கும். குழைந்த சாதத்தில் ஆறிய பாலை நிறைய ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து எடுங்கள். சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

ஒவ்வொரு பார்க்கிலும் பேபி கேர் சென்டர் உண்டு. மேஜிக் கிங்டமில் மெயின் ஸ்ட்ரீட் முடியும் இடத்தில், கிறிஸ்டல் பேலஸ் உணவகத்தின் பக்கத்தில். பால் கொடுக்கத் தனி இடம், டயப்பர் மாற்ற மேஜை, உயர நாற்காலி, மைக்ரோவேவ், எல்லாம் இருக்கும். ஏசியும் அமைதியும் இலவசம். டயப்பர் தீர்ந்துபோனால் அங்கேயே விலைக்கு வாங்கலாம்.

குளிர்பானம் விற்கும் கவுன்டர்களில் ஐஸ் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள். பஃபே உணவகங்களில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணம் இல்லை. சைவக்காரர்களுக்கு ஒரு நாள் மாற்றமாக அனிமல் கிங்டம் லாட்ஜில் உள்ள சனா நன்றாக இருக்கும். நான் ரொட்டியும் விதவிதமான தொக்கு, சட்னியும் தருவார்கள், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். அங்கே சாப்பிட பார்க் டிக்கெட் தேவையில்லை.

11. குழந்தை தொலைந்துபோனால்

காலையில் கிளம்பும் முன் ஃபோனில் குழந்தையை ஒரு போட்டோ எடுங்கள். அன்று என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் நினைவு வராது. உங்கள் ஃபோன் நம்பரைக் குழந்தையின் கையில் பேனாவால் எழுதி, மேலே திரவ பேண்டேஜ் ஒரு பூச்சு பூசுங்கள், வியர்வையில் அழியாது. ஊர் சிம் வைத்திருக்கும் தாத்தா நம்பரை எழுதாதீர்கள்.

காணவில்லை என்றால் நீங்களாகத் தேடி ஓட வேண்டாம், பெயர்ப் பட்டை குத்திய ஊழியர் யாரிடமும் உடனே சொல்லுங்கள். கண்டெடுத்த குழந்தையைப் பேபி கேர் சென்டருக்குத்தான் கூட்டிப்போவார்கள். பெரியவர்களுக்கும் இதையே சொல்லி வையுங்கள்: யார் யாரைத் தவறவிட்டாலும் கூடும் இடம் அதுதான்.

12. கிளம்பும் நாள்

கடைசி நாள் காலையில் "ஒரு ரெண்டு மணி நேரம்" என்று பார்க்குக்குள் நுழையாதீர்கள். செக் அவுட், பெட்டி, கார் சீட் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நடக்காது. பதிலாக மோனோரயிலில் ஒரு சுற்று போய்வாருங்கள், அதற்கு டிக்கெட் கிடையாது. என் பையனுக்கு மூன்று நாளில் அதிகம் பிடித்தது அதுதான். கதவு மூடும் முன் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் விலகி நிற்கச் சொல்லும் அறிவிப்பைப் பிடித்துக்கொண்டான். ஊர் திரும்பி ஒரு மாதம் வரை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் பின்னாலிருந்து "போர் ஃபவோர்" (ஸ்பானிஷில் "தயவுசெய்து") என்று ஒரு குரல் வரும், விலகி நின்றால்தான் மூட விடுவான்.